ஏழால் வகுபட்ட பகா எண்

கணக்குப் பாடம் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் தூளைச் சுவாசித்தவள் என்ன எழுதுவாளோ என்று நீங்கள் கொஞ்சம் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகையைப் பிரிப்பது, இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் அசடு வழிய நின்ற கதை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும். அவர்கள் கண், காது, மூக்கு வைத்து மீதிப் பேரிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். திண்டுக்கல்லில் சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி. நாகல் நகரில் ஆட்டோ ஏறினால் பத்து நிமிடம், ஆட்டோக்காரர் அரசியல் பேச ஆரம்பித்தால் இருபது நிமிடம். அந்த வருடம் பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் அறிவியல் கண்காட்சியை எங்கள் பள்ளியில் வைத்தார்கள். இரண்டு நாள் விழா. கண்காட்சியில் கணக்குக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும். வினிகர் ஊற்றினால் பொங்கும் எரிமலைக்கு நடு ஹால். தெர்மோகோலில் செய்த கண்ணுக்கும் காதுக்கும் வராண்டா. கணக்குக்கு சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய அறை, அதிலும் பாதி உடைந்த பெஞ்சுகள் அடுக்கியது.

அந்த அறையில் ஒரே ஒரு சார்ட் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. செய்தவள் சரஸ்வதி, என் பத்தாம் வகுப்புப் பிள்ளை. ஊர் நெய்க்காரப்பட்டி, இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பழனிப் பக்கத்துப் பேச்சு என்பதால் எதற்கும் ஒரு 'ங்க' போடுவாள். ஹாஸ்டல் பூனையைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவாள் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சார்ட்டில் இருந்தது ஓர் எண்: 73939133. இது பகா எண். அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாது. உங்களுக்குத் தெரியும், ஆனால் வீட்டில் யாராவது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கலாம் அல்லவா, அவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த எண்ணின் விசேஷம் அதன் வாலில் இருக்கிறது. கடைசி இலக்கத்தை நறுக்கினால் 7393913 வரும். அதுவும் பகா எண். அதன் வாலை நறுக்கினால் 739391, அதுவும் பகா எண். 73939, 7393, 739, 73, கடைசியில் 7 என்று ஒற்றை ஆளாக நிற்கும் வரைக்கும் நறுக்கிக்கொண்டே போகலாம், எல்லாமே பகா எண்கள். இப்படி வாலை இழந்தாலும் குணம் மாறாத எண்களில் இதுதான் ஆகப் பெரியது. இதற்குப் பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் பகா எண் என்ற பெயர் போய்விடும். மதுரையில் நடந்த ஒரு பயிற்சியில் யாரோ வைத்திருந்த கணித இதழில் இதைப் பார்த்துக் குறித்துவந்து சரஸ்வதியிடம் கொடுத்தேன். அவள் பத்து நாள் ஹாஸ்டல் தரையில் குப்புறப் படுத்து, எட்டு வண்ணத்தில், படிப்படியாக வால் குறைவது போல எழுதியிருந்தாள்.

முதல் நாள் காலையில் நடுவர் வந்தார். வெளியூர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அரைக்கைச் சட்டை, காதில் செருகிய கட்டைப் பென்சில், தச்சு வேலைக்கு வந்தவரோ என்று நினைக்கத் தோன்றும். சார்ட்டை நிதானமாகப் படித்தார்.

"நல்லா இருக்கும்மா. இந்தப் பெரிய எண்ணு பகா எண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க டீச்சர் சொன்னாங்கங்க சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சருக்கு யார் சொன்னா?"

"ஒரு இதழ்ல வந்திருந்துச்சு சார்."

"இதழ்க்காரருக்கு?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பதினொரு மணிக்குத் திரும்ப வாரேன். இது பகா எண்ணுதான்னு அதுக்குள்ள நீங்க காட்டிட்டீங்கன்னா சார்ட் இருக்கட்டும். இல்லேன்னா கழட்டிருங்க. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சுவத்துல ஒட்டி வைக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு எரிமலையைப் பார்க்கப் போய்விட்டார்.

சரஸ்வதியின் முகம் சுருங்கிவிட்டது. "கழட்டிருவாங்களாங்க டீச்சர்?" என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவர் மீதுதான். "நான் இருக்கிற வரைக்கும் எவனும் கழட்ட மாட்டான், நீ போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுக்கும்போது எப்படி நிறைவேற்றுவது என்று யோசிக்காமல் கொடுப்பது என் பிறவிக் குணம்.

ஆனால் வழி இருந்தது. ஓர் எண் வேறு இரண்டு எண்களின் பெருக்கலாக உடைகிறது என்றால், அந்த ஜோடியில் ஒருவராவது குள்ளமாக இருந்தாக வேண்டும். இரண்டு பேரும் எட்டாயிரத்து அறுநூறுக்கு மேல் இருந்தால் பெருக்கல் தொகை நம் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே எட்டாயிரத்து அறுநூறுக்குள் இருக்கும் பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். எதிலும் போகவில்லை என்றால் பகா எண். நூலகத்தில் பூச்சி அரித்த பழைய லாகரிதம் புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கங்களில் பத்தாயிரம் வரையிலான பகா எண்கள் அச்சிட்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். வகுக்க வேண்டியவை ஆயிரத்துச் சொச்சம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஆளுக்கு இருபத்தாறு எண்கள் பிரித்துக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் அனுமதி கேட்கப் போனேன். "இம்புட்டுப் பிள்ளைகளும் மத்தியானம் பூரா உக்காந்து வகுத்துக்கிட்டு இருக்கணுமா? ஆபீஸ்ல ஒரு கால்குலேட்டர் இருக்கே டீச்சர்?" என்றார்.

"ஹெட் கிளார்க் அத யாருக்குமே குடுக்க மாட்டாரே சிஸ்டர்."

"ஆமா, எனக்கே குடுக்க மாட்டாரு" என்று சிஸ்டர் பெருமூச்சு விட்டு, அனுமதி கொடுத்தார்.

வகுப்புக்குள் நுழைந்த வேகத்தில் சாக்பீஸை எடுத்துப் பலகையில் பெரிதாக எழுதினேன்: 73939313. "பிள்ளைகளா, இந்த எண்ணை உங்க தாள்ல இருக்கிற ஒவ்வொரு எண்ணாலும் வகுங்க. மீதியில்லாம போனா 'போகும்'னு எழுதுங்க. போகலேன்னா 'போகாது'. பேர் எழுத மறந்துராதீங்க" என்றேன். முதல் இருபத்தாறு எண்கள் சின்ன எண்கள், 2, 3, 5, 7 என்று ஆரம்பித்து 101 வரை. அந்தத் தாளை, முன்மாதிரியாக இருக்கட்டும் என்று, நானே வைத்துக்கொண்டேன்.

என் தாளை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். டீச்சர் அல்லவா.

பிள்ளைகளும் சளைக்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் முதல் தாள் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முப்பது தாள். எல்லாம் 'போகாது', 'போகாது', 'போகாது'. எனக்கு அப்படியொரு பூரிப்பு. சரஸ்வதி மட்டும் நடுவில் எழுந்து வந்து, "டீச்சர், போர்டுல..." என்று ஆரம்பித்தாள். "மொதல்ல உன் தாள முடி, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன். செத்த நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். மறுபடியும் அனுப்பினேன். ஐந்தரை மணிக்கு எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் வகுத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் முழுக் கணக்கும் போட்டு, மீதி என்ன என்றும் எழுதி வைத்திருந்தாள். "ஏம்மா, போகாதுன்னு எழுதுறதுக்கு இம்புட்டு நேரமா?" என்று கடிந்துகொண்டேன். அவள் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். கூடவே சிஸ்டரும் வந்தார். வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் இஸ்திரி போட்ட தாவணியோடு வரிசையாக நின்றார்கள். நான் தாள் கட்டை நூலால் கட்டி, மேலே ஒரு ரோஜாப் பூவைக்கூடச் செருகி வைத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் அந்த ரோஜாப் பூதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

அவர் பூவை ஓரமாக வைத்துவிட்டு முதல் தாளை எடுத்தார். காதில் இருந்த பென்சிலை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"டீச்சர், இது ஏழுல போகுதே."

"இருக்காது சார்."

"நீங்களே பாருங்க." தாளின் தலைப்பில் இருந்த எண்ணில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே சொன்னார். "ஒரு கோடியே அஞ்சு லட்சத்து அறுவத்திரண்டாயிரத்து எழுநூத்து அம்பத்தொம்பது தடவை. மீதி சைபர்."

பெரிய எண் ஒன்றில் உடைவதாக இருந்தாலும் ஒரு கௌரவம் உண்டு. ஏழில் உடைந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவர் சார்ட் பக்கம் கையை நீட்டியபோது, வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க சார், அது எம்பட நெம்பரு இல்லீங்க."

சரஸ்வதிதான். முன்னால் வந்து, சார்ட்டில் இருந்த எண்ணையும் தாளில் இருந்த எண்ணையும் காட்டினாள். சார்ட்டில் முடிவது 133. தாளில் முடிவது 313.

இப்போது தயவுசெய்து கொஞ்சம் மேலே போய், நான் பலகையில் எழுதியதாகச் சொன்ன எண்ணைப் பாருங்கள். அதை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? கவனித்தவர்கள் நல்ல டீச்சர் ஆவீர்கள். கவனிக்காதவர்கள் என் கட்சி, வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நடுவர் கட்டை முழுவதும் புரட்டினார். முப்பத்தொன்பது பிள்ளைகளின் தாளிலும் பலகையில் இருந்த தப்பு எண். சரஸ்வதியின் தாளில் மட்டும் சரியான எண். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொல்ல வந்தேனுங்க டீச்சர். ரெண்டு வாட்டி."

நடுவர் என்னைக் காப்பாற்றுகிற மாதிரி, "எண்ணு மாறி எழுதுறது யாருக்கும் நடக்கும் டீச்சர், அது எனக்குப் பெரிசில்ல" என்றார். நான் மூச்சு விட்டேன். அவர் முடிக்கவில்லை. "எனக்கு வேற ஒரு சந்தேகம். இந்தத் தப்பு எண்ணு ஏழுல போகுது. ஆனா இந்தத் தாள்ல ஏழுக்கு நேரா போகாதுன்னு இருக்கு. ஏழுல போற ஒரு எண்ண அத்தன பேரும் சேந்து பகா எண்ணுன்னு நிரூபிச்சிருக்கீங்க. இந்த மொதத் தாள வகுத்தது யாரு?"

தாளில் பெயர் இல்லை. பிள்ளைகளைப் பெயர் எழுதச் சொன்னவள் தன் பெயரை எழுதவில்லை.

சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியூர் ஆள் முன்னால் பள்ளியின் பெயர் போகிறதே என்ற கோபம். "எந்தப் பிள்ளையோட தாளு இது? முன்னால வா" என்றார்.

யாரும் வரவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து வினாடி இருக்கும். அந்த ஐந்து வினாடியில் என் மண்டைக்குள் என்ன ஓடியது என்பதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஐந்து வினாடி வரும். பிள்ளைகள் தப்புச் செய்வது சகஜம்தானே, யாரோ ஒரு பிள்ளையின் தாள் என்று போய்விட்டால் என்ன, சிஸ்டர் ரெண்டு வார்த்தை திட்டுவார், சாயங்காலம் மறந்துவிடுவார், நான் கணக்கு டீச்சர், ஏழால் வகுக்கத் தெரியாதவள் என்று ஊருக்குள் பேர் எடுக்க முடியுமா? இப்படித்தான் ஓடியது. நேர்மையாக ஒரு எண்ணம்கூட முதலில் வரவில்லை.

அப்போது ரெஜினா முன்னால் வந்தாள். வகுப்புத் தலைவி. கோயில் பாட்டுக் குழுவில் பாடும் பிள்ளை, பொய் சொன்னால் உடனே காது சிவந்துவிடும். "நாந்தான் சிஸ்டர். அவசரத்துல எழுதிட்டேன்" என்றாள். காது இரண்டும் செவ்வரளிப் பூ மாதிரி இருந்தன. அவளுடைய தாள் பெயரோடு அந்தக் கட்டுக்குள்ளேயே கிடக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் வந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, அது மாதிரி வெட்கம் நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

"அவ இல்ல சிஸ்டர். அது என் தாளு" என்றேன். "நான் வகுக்கவே இல்ல. பகா எண்ணுதான்னு எனக்குத் தெரியும்னு நெனச்சு, வரிசையா போகாதுன்னு எழுதிட்டேன்."

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். நடுவர் காதில் இருந்த கட்டைப் பென்சிலை உருவி என்னிடம் நீட்டினார்.

"அப்பப் பேர எழுதுங்க டீச்சர். பேரில்லாத தாளுக்கு நீங்க மார்க் போடுவீங்களா?"

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது பரவி, அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு மணிக்குப் பரிசு அறிவிக்கப் போறாங்க. அதுவரைக்கும் இந்த சார்ட்ட யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு மணிக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை. ஆயிரத்துச் சொச்சம் வகுத்தலும் மறுபடி முதலில் இருந்து. நான் செய்த முதல் காரியம், சரஸ்வதியைக் கூப்பிட்டு அந்தக் கண்காட்சி அறைப் பலகையிலேயே எண்ணை எழுதச் சொன்னது. எழுதி முடித்ததும் நாற்பது பேரும் சார்ட்டைப் பார்த்து இலக்கம் இலக்கமாகச் சத்தம் போட்டு வாசித்தோம். இரண்டாவது காரியம், 'போகாது' என்ற வார்த்தையைத் தடை செய்தது. முந்தைய நாள் எத்தனை பேர் உண்மையில் வகுத்தார்கள், எத்தனை பேர் என்னைப் போல வெறுமனே எழுதினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் இன்றைக்கு மீதியை எழுத வேண்டும். மீதியை எழுத வேண்டுமென்றால் வகுத்துத்தான் ஆக வேண்டும். போகாது என்று எழுதக் கை மட்டும் போதும். மூன்றாவது, முடித்ததும் தாளை மாற்றிக்கொண்டு ஒருத்தி கணக்கை இன்னொருத்தி திருத்த வேண்டும்.

பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டே வகுத்தார்கள். ஒரு கையில் பேனா, ஒரு கையில் சோறு. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தை யார் டப்பாவில் இருந்து யார் எடுத்தார்கள் என்று யாருக்கும் கணக்கில்லை. இரண்டு தாளில் புளிக்குழம்பு சிந்தியிருந்தது, அதையும் வாங்கிக்கொண்டேன். நடு ஹாலில் எரிமலை பொங்கும்போதெல்லாம் கைதட்டல் கேட்டது. எங்கள் அறையில் ஒருத்தியும் தலையைத் தூக்கவில்லை.

நானும் என் இருபத்தாறையும் வகுத்தேன். இந்த முறை நிஜமாக. ஏழில் மீதி 2. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியை எந்தத் தேர்வு முடிவும் எனக்குக் கொடுத்ததில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்துவிட்டு, "என் தாள யார் திருத்துறது?" என்று கேட்டேன். சட்டென்று எல்லோருக்கும் தங்கள் தாளில் அவசர வேலை வந்துவிட்டது. ரெஜினாவை நேராகப் பார்த்தேன். "ஐயோ, நான் மாட்டேன் டீச்சர்" என்று டெஸ்க்குக்கு அடியில் குனிந்தாள்.

"நான் பாக்கறனுங்க டீச்சர்" என்றாள் சரஸ்வதி.

என் நாற்காலியைக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவையும் கொடுத்தேன். நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்துக்கொண்டு போனாள். 83க்கு வந்ததும் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர். மீதி எம்பத்தேழுன்னு இருக்குதுங்க."

"இருந்தா என்ன? சரியாத்தான் இருக்கும், நல்லாப் பாரு." என் பழைய குரல் தானாக வந்துவிட்டது.

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "எம்பத்தேழு எம்பத்துமூண விடப் பெருசுங்களே டீச்சர்."

வகுக்கும் எண்ணைவிட மீதி பெரிதாக இருக்க முடியாது. இது மூன்றாம் வகுப்புப் பாடம். பார்த்தேன். 243இல் இருந்து 166ஐக் கழித்து 87 என்று போட்டிருக்கிறேன். 77 வர வேண்டும். கடன் வாங்கியதை மறந்துவிட்டேன். காலையில் வந்த வெட்கத்தில் எல்லாம் தீர்ந்துபோய்விட்டதோ என்னவோ, இதற்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "போடு வட்டம்" என்றேன். குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள். "இது தெரியுமா? எல்லாருக்கும் போடுற மாதிரி போடு" என்றேன். நன்றாகப் பெரிதாகப் போட்டாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நடுவர் வந்தார். நாங்கள் அப்போதுதான் கடைசித் தாளைத் திருத்தி முடித்திருந்தோம். பூ வைக்கவில்லை, நூல்கூடக் கட்டவில்லை. அவர் கட்டைத் தொடாமல் முதல் தாளை மட்டும் கேட்டார். பெயரைப் பார்த்தார். 83க்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தார்.

"இத யாரும்மா திருத்துனது?"

"நானுங்க சார்."

"டீச்சருக்கே தப்புப் போட்டியா?"

"தப்பா இருந்துச்சுங்களே சார்." என்னை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, "மத்ததெல்லாம் சரியாப் போட்டிருக்காங்க சார். இருபத்தாறுக்கு இருபத்தஞ்சுங்க" என்றாள்.

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் பேசினார். "போகும்னு ஒருத்தி சொன்னா எனக்குக் கவலையில்ல, ஒரே ஒரு தடவை பெருக்கிப் பாத்துக்குவேன். போகாதுன்னு ஆயிரம் தடவை சொன்னீங்கன்னா நான் என்ன செய்ய? ஆயிரத்தையும் நான் வகுத்துக்கிட்டு இருக்க முடியாது. உங்கள நம்பித்தான் ஆகணும். காலையில ஒரு தப்புகூட இல்லாத கட்டு குடுத்தீங்க, நம்ப முடியல. இப்ப டீச்சர் தாள்லயே வட்டம் போட்டுக் குடுத்திருக்கீங்க." எழுந்து போய் சார்ட்டின் அடியில் அந்தக் கட்டைப் பென்சிலால் 'வகுத்துப் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பரிசு எரிமலைக்குத்தான் போனது. எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. சரஸ்வதி அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சார்ட் முன்னால் நின்று அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டரும் பரிசளிப்பை விட்டு எங்கள் அறைக்கு வந்து நின்றார். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சார்ட்டைப் பார்த்துவிட்டு, "எண்ணு ரொம்பத்தான் பாடுபடுத்திருச்சு" என்று மட்டும் சொன்னார்.

உங்களிடம் இப்போது கைபேசி இருக்கிறது. கேட்டால் கண் இமைப்பதற்குள் பகா எண்ணா இல்லையா என்று சொல்லிவிடும். சந்தோஷம், கேளுங்கள். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து வந்து "போர்டுல..." என்று ஆரம்பித்தால், அந்த வாக்கியத்தை முடிக்க விடுங்கள். நான் விட்டிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சம். ரெஜினாவுக்கு ஒரு பொய் மிச்சம்.

அன்று சாயங்காலம் சரஸ்வதி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, நடுவர் கையெழுத்துக்குக் கீழே வகுத்தவர்கள் பெயரை எல்லாம் எழுதினாள். நாற்பது பெயரும் எழுதி முடித்துவிட்டுத் தயங்கித் திரும்பி, "உங்க பேரும் எழுதட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். ஒரு தப்போடு வகுத்தவள்தான், ஆனாலும் வகுத்தவள்தானே, எழுது என்றேன். எழுதினாள். ரெஜினா கீழே நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, "நாப்பத்தொண்ணு டீச்சர்! அதுவும் பகா எண்ணுதான்!" என்று கத்தினாள். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். நான் உடனே தட்டவில்லை. இரண்டில் போகவில்லை, மீதி ஒன்று. மூன்றில் போகவில்லை, மீதி இரண்டு. ஐந்தில் போகவில்லை, மீதி ஒன்று. ஏழேழு நாற்பத்தொன்பது, எண்ணைத் தாண்டிவிடும், அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை. அதன் பிறகுதான் நானும் கைதட்டினேன்.